மொட்டைக்கரைக்கு வந்த நிழல்

மொட்டைக்கரை உப்பளத்தில் பகல் வேளையில் யாரும் யாரையும் முகம் பார்த்து அடையாளம் கண்டதில்லை, காணவும் முடியாது, ஏனென்றால் மேலே ஒரு சூரியன், கீழே பாத்திக்குப் பாத்தி இன்னொரு சூரியன், இரண்டுக்கும் நடுவில் தலையைத் தூக்கினவளுக்குக் கண் என்று ஒன்று மிஞ்சாது என்பது அந்த ஊரில் நடக்கப் பழகும் பிள்ளைக்குக்கூடத் தெரியும். புருவம் மறைய இழுத்துக் கட்டிய துண்டும், சேலைக்கு மேல் மாட்டிய ஆம்பிளைச் சட்டையும், குனிந்த கழுத்துமாகத்தான் அங்கே பெண்கள் உப்பு வாரினார்கள். ஆகவே ஆளை நிழலை வைத்துத்தான் தெரிந்துகொண்டார்கள். குடத்தோடு ஒரு நிழல் பாத்தித் தண்ணீரில் சாய்ந்தால் பாத்திமுத்து குடிதண்ணீர் கொண்டு வருகிறாள், வட்டமாக ஒன்று வரப்பில் உருண்டு வந்தால் கங்காணி தவசிக்கண்ணு குடை பிடித்து வருகிறார், வலது தோள் இறங்கி இடது தோள் ஏறி நொண்டுகிற மாதிரி ஒன்று வந்தால் அது முத்துப்பேச்சி. பக்கத்தில் நிழல் விழுந்ததும் "வா" என்பார்கள், நிமிர மாட்டார்கள். வந்தது யார் என்று தலையைத் தூக்கிப் பார்ப்பது அங்கே மரியாதைக்குறைவு. என்னை உனக்குத் தெரியலையா என்று வந்தவள் நாலு நாளைக்கு முகம் கொடுக்க மாட்டாள்.

அதனால்தான் பங்குனி வெயில் உச்சியில் நின்ற ஒரு மத்தியானம், செல்லக்கனியின் பாத்தியில், அவள் உப்பு வாரும் பலகையை இழுத்துக்கொண்டிருந்த இடத்தில், நாலு பெண்கள் சம்மணம் போட்டு உட்காரும் அகலத்துக்கு ஒரு நிழல் வந்து விழுந்தபோது, அவள் நிமிரவில்லை. பாதியில் விட்டால் உப்பு உடைந்துபோகும் என்று அந்த இழுப்பை முடித்து, பலகையை வரப்பில் சாய்த்து, காலைக் கழுவி, நிழலுக்குள் போய் உட்கார்ந்து, வீட்டு வாசலில் சொந்தக்காரர் வந்து நின்றால் கேட்பாளே, அந்தக் குரலில் கேட்டாள்.

"வந்துட்டீரா?"

மரம் இல்லாததால்தான் அந்த ஊருக்கு மொட்டைக்கரை என்று பேர். மேகமும் அன்றைக்கு இல்லை, பறவையும் இல்லை, கரண்டுக் கம்பம்கூட அந்தப் பக்கம் கிடையாது. இருந்தாலும் நிழல் இருந்தது, அரிவாள்மணையில் நறுக்கின மாதிரி ஓரம் சுத்தமாக, உள்ளே கை வைத்தால் பானையின் புறத்தைத் தொட்ட குளிர்ச்சியாக. சூரியன் நகர்ந்தபோது அது நகரவில்லை. வெயில் தணிந்த பிறகு, வேலை முடிந்து போகிறவர்களைப் போல, அதுவும் போனது. மறுநாள் உச்சியில் மறுபடி வந்தது.

செல்லக்கனி பிறந்த வீட்டில் அம்மன், புகுந்த வீட்டில் சிலுவை. இரண்டு பக்கத்துக்காரர்களும் அவளை மற்றப் பக்கத்துக்காரி என்றே வைத்திருந்தார்கள், அவளும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. காலையில் வாரும் முதல் உப்பில் ஒரு பிடி எடுத்துத் திரும்பப் பாத்தியிலேயே போட்டு "ஒமக்கு" என்பாள். அவ்வளவுதான் அவள் பூசையும் ஜெபமும். யாருக்கு என்று கேட்டால் "அவருக்குத்தான்" என்பாள். அவர் இருக்கிறாரா என்று கேட்டால் கேட்டவரைப் பரிதாபமாகப் பார்ப்பாள், புருசன் வெளியூர் போயிருக்கிறவளிடம் உனக்குப் புருசன் உண்டா என்று கேட்டால் பார்ப்பது மாதிரி. அந்த மாசிமாதம் முழுக்க, ஒரு பிடி உப்போடு ஒரு வார்த்தையும் சேர்த்துச் சொல்லி வந்தாள்: "முத்துப்பேச்சி கண்ணுக்கு ஒரு வழி பண்ணும்."

முத்துப்பேச்சி அவளுடைய ஜோடி. உப்பளத்தில் தனியாள் வேலை கிடையாது. ஒருத்தி இழுக்க ஒருத்தி அள்ள, அப்படி இருவராகவே காலம் போகும். கல்யாணம் ஆன காலத்திலிருந்து இருவரும் ஒரே பாத்தியில் நின்றவர்கள். இப்போது முத்துப்பேச்சியின் இரண்டு கண்ணும் ஓரம் சிவந்து, தண்ணீர் வடிந்து, மாலையில் எதிரில் வரும் மாட்டையும் மனுசனையும் ஒன்றாகக் காட்டிக்கொண்டிருந்தன. டவுன் ஆஸ்பத்திரியில் டாக்டர், உச்சி வேளையில் மட்டுமாவது நிழலில் இரும்மா, இல்லையென்றால் ஒரு வருசத்தில் பார்வை போய்விடும் என்று சொன்னபோது, முத்துப்பேச்சி சிரித்த சிரிப்பில் அந்தப் பொண்ணு டாக்டர் பயந்துபோனாள். "மொட்டைக்கரையில நிழலாம்ளா! ஊட்டியில போயி வீடு கட்டுன்னு சொல்லியிருந்தாக்கூட நடக்கும்" என்று பஸ்ஸில் வரும்போதெல்லாம் சொல்லிச் சொல்லிச் சிரித்தாள்.

அப்படிப்பட்டவளுக்கு நிழல் வீடு தேடி வந்திருக்கிறது, அவள் உட்கார மாட்டேன் என்கிறாள்.

"வாளா, உக்காரு. ஒனக்காகத்தான் வந்துருக்காரு" என்றாள் செல்லக்கனி.

"எனக்காக வாரவரு சந்தனத்துக்குக் காய்ச்ச கண்டப்பம்லா வந்திருக்கணும். வழி தெரியாம இப்பம் வந்து சேந்திருக்காராக்கும்?"

சந்தனம் முத்துப்பேச்சியின் மகள். காய்ச்சலில் கிடந்த பிள்ளைக்காக அவள் தீச்சட்டி எடுத்தாள், மொட்டை போட்டாள், கோயில் வாசலிலேயே பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு கிடந்தாள். பிள்ளை அந்த மடியிலேயே போனது. அன்றிலிருந்து யாராவது கோயிலுக்குக் கூப்பிட்டால், "எனக்கும் அவருக்கும் டூ" என்று சின்னப்பிள்ளை மாதிரி சுண்டுவிரலைக் காட்டுவாள். கேட்டவர்கள் சிரிப்பார்கள். அவள் சிரித்ததில்லை.

அவள் கேட்டதற்குப் பதில் வைத்திருக்கிறேன் என்று யார் சொன்னாலும் அவர்கள் வாயை உப்பால் கழுவ வேண்டும் என்றுதான் செல்லக்கனியும் நினைத்தாள்.

"எனக்குத் தெரியாதுளா. நீ உக்காரு."

"நம்பாதவ உக்காந்தா அது திருட்டு. பேச்சு வார்த்தை இல்லாத வீட்டுல போயி கை நனைப்பனா நான்?"

செல்லக்கனி தூக்குவாளியைத் திறந்து, மூடி, மறுபடியும் திறந்தாள். "சரி. அவரு நிழல் வேண்டாம். என் நிழல்ல உக்காருதியா? நான் அவருகூட இருக்கேன், நீ என்கூட இரு."

முத்துப்பேச்சி பலகையை நட்டமாக நிறுத்தி அதில் மோவாயை ஊன்றி யோசித்தாள். "ஒன் நிழலுன்னா உக்காருதேன். ஆனா அவருகிட்ட நான் பேசமாட்டேன், சொல்லிப்புடு."

"சொல்லிருதேன்."

"அவரும் என்கிட்டப் பேசப்பிடாது."

"அவரு யாருகிட்டயுமே பேசலையேளா" என்றாள் செல்லக்கனி. முத்துப்பேச்சி வந்து, முதுகைத் திருப்பிக்கொண்டு, ஓரமாக, அடுத்த வீட்டுப் பந்தியில் உட்காருகிற மாதிரி உட்கார்ந்தாள்.

நாள் போகப்போக அந்த முதுகு கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பியது. கண்ணின் சிவப்பு வடிந்தது. உள்ளே கண் கூசாததால் அவர்கள் துண்டை அவிழ்த்துவிட்டு, நேருக்கு நேர், பட்டப்பகலில், ஒருத்தி முகத்தை ஒருத்தி பார்த்தார்கள். "ஏளா, ஒனக்கு எப்பம்ளா நரைச்சுது?" என்றாள் முத்துப்பேச்சி, அதுவரை பொறுப்பில்லாமல் இருந்துவிட்டவள் மாதிரி.

ஊரும் அந்த நிழலைத் தன் வீட்டுச் சாமான்போல எடுத்துக்கொண்டது. சூசையம்மா கைப்பிள்ளையைக் கொண்டுவந்து போட்டாள், பிள்ளை பிறந்ததிலிருந்து முதல் தடவையாகப் பகலில் தூங்கியது. பாத்திமுத்து குடத்தை ஓரத்தில் வைத்தாள், தண்ணீர் ஜில்லென்று இருந்தது. வாந்தி எடுத்தவள், மாசமாக இருந்தவள், இடுப்பு பிடித்தவள் எல்லோருக்கும் மற்றவர்கள் நகர்ந்து இடம் விட்டார்கள், எத்தனை பேர் வந்தாலும் நாலு பேர் இடம் எப்படியோ போதுமானதாக இருந்தது. கங்காணி தவசிக்கண்ணு வந்தார். அவருடைய குடையின் வட்ட நிழல் வரப்போடு உருண்டு வந்து, பெரிய நிழலின் ஓரத்தைத் தொட்டதும் காணாமல் போனது. அவர் வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து முதல் முறையாகக் குடையை மடக்கினார்.

"என்னம்மா இது?"

"நிழலு, அண்ணாச்சி."

"அது தெரியுது. யாரோடது?"

"வந்தவரோடது."

"இந்தப் பாத்தியில வெயில் படாம உப்பு எறங்கலையே, முதலாளிக்கு என்ன பதில் சொல்லட்டும்?" என்று கேட்டுக்கொண்டே கங்காணியும் செருப்பைக் கழற்றிவிட்டு ஒரு ஓரத்தில் உட்கார்ந்துவிட்டார். உட்கார்ந்தவருக்கு எழுந்திருக்க மனம் வரவில்லை.

இப்படியே விட்டிருந்தால் என்ன கெட்டுப்போயிருக்கும் என்று இன்றைக்கும் யாராலும் சொல்ல முடியாது. ஒன்றும் கெட்டிருக்காது. ஆனால் ஒரு நாள் டவுனிலிருந்து செல்போனும் கையுமாக ஒருத்தன் வந்தான், கறுப்புக் கண்ணாடி போட்டவன், நிழலைச் சுற்றிச் சுற்றிப் படம் எடுத்தான், அண்ணாந்து பார்த்தான், சிரித்தான். "மேல ஒண்ணுமே இல்லையே, எதை வச்சுக் கும்புடுறீங்க?" என்று கேட்டுவிட்டு, பதிலுக்குக்கூட நிற்காமல் பைக்கை எடுத்துக்கொண்டு போய்விட்டான். அந்த ஒரு கேள்வி ஊருக்குள் முள் மாதிரி ஏறிவிட்டது. அதுவரைக்கும் அங்கே யாரும் கும்பிடவே இல்லை, கஞ்சி குடித்தார்கள், பிள்ளைக்குப் பால் கொடுத்தார்கள், கதை பேசினார்கள், அவ்வளவுதான். ஆனாலும் கேட்டுவிட்டானே, பதில் சொல்ல ஒன்றும் இல்லாமல் நின்றோமே என்று ஆம்பிளைகளுக்கு வெட்கமாகிவிட்டது. வெட்கம் வந்த ஆம்பிளைகள் கூட்டம் போட்டால் என்ன நடக்குமோ அது நடந்தது.

கோயில்காரர்கள் அது அம்மனின் கூந்தல் நிழல் என்றார்கள். சர்ச்காரர்கள் சிலுவையின் நிழல் என்றார்கள். பள்ளிவாசல் பக்கம் பெரிய மினாராவின் நிழல் என்று பேச்சு. சிலுவைக்கு ஏன் கை இல்லை, கூந்தலுக்கு ஏன் ஓரம் நறுக்கினாற்போல் இருக்கிறது, மினாரா என்றால் ஏன் உயரமாக விழவில்லை என்று ஒவ்வொருவரும் மற்றவரிடம் அறிவாளி மாதிரி கேட்டார்கள், தன்னிடம் கேட்டுக்கொள்ளவில்லை. கடைசியில் எல்லோரும் சேர்ந்து ஒத்துக்கொண்டது ஒரே ஒரு விஷயத்தை. இனி நிழலில் உட்காருகிறவர்கள் சும்மா உட்காரக் கூடாது. உள்ளே நின்று, நிமிர்ந்து, மேலே பார்த்து, என்ன தெரிகிறது என்று சாட்சி சொல்லிவிட்டு உட்கார வேண்டும். நாளைக்கு எவனாவது வந்து கேட்டால் இத்தனை பேர் கண்ணால் பார்த்திருக்கிறார்கள் என்று சொல்லலாம். ஒன்றும் தெரியாதவர்களுக்கு உள்ளே இடமில்லை, அவர்களால்தான் ஊர்மானம் போகிறது.

உச்சி வெயிலில் நிமிரக் கூடாது என்று பிள்ளைக்குப் பாலோடு ஊட்டுகிற ஊர், முகம் பார்ப்பது அவமரியாதை என்று பழகிய ஊர், அப்படி ஒரு சட்டம் போட்டது. நிழலைச் சுற்றிக் கயிறும் கட்டியது.

சூசையம்மா முதலில் போனாள், கைப்பிள்ளைக்காக. கண்ணிமைக்கும் நேரம் முகத்தைத் தூக்கி, உடனே இறக்கி, "சிலுவையோட ஒரு கை தெரிஞ்சுது" என்றாள். விட்டார்கள். அடுத்தவள் கூந்தலைப் பார்த்தாள், பூ வைத்திருந்தது என்றும் சொன்னாள். பாத்திமுத்து பிறை தெரிந்தது என்றாள். எல்லோரும் உள்ளே போனார்கள். உள்ளே கயிற்றைக் குறுக்கே மாற்றிக் கட்டி மூன்றாகப் பிரித்தார்கள். அதுவரை எத்தனை பேருக்கும் இடம் கொடுத்த நிழல் அன்றைக்கு முதல் முறையாக இடம் போதாமல் போனது.

செல்லக்கனி முறை வந்தது. நிழல் முதலில் யாருக்கு வந்ததோ அவள் சாட்சிதான் பெரிய சாட்சி என்று ஊரே கயிற்றோரம் நின்றது.

"நிமிரு, செல்லக்கனி" என்றார் கங்காணி.

"நான் பாக்கமாட்டேன், அண்ணாச்சி."

"ஏன், பயமா?"

"நீங்க வரப்புல வாறப்பம் நாங்க என்னைக்காவது நிமிந்து பாத்து, தவசிக்கண்ணு அண்ணாச்சிதானான்னு கேட்டிருக்கமா? நிழலு விழுந்தா வாங்கன்னு சொல்லுதோம்லா? வந்த ஆளு மொகத்தத் தூக்கிப் பாத்து, நீதானா, ஆதாரத்தக் காட்டுன்னு சொன்னா அவுக ஒக்காருவாகளா, எந்திரிச்சுப் போவாகளா?"

"மனுசனும் சாமியும் ஒண்ணாம்மா?"

"மனுசனுக்கே குடுக்குற மரியாத."

கூட்டத்தில் ஒரு கிழட்டுக் குரல் "சரியாத்தான சொல்லுதா" என்றது. அந்தக் குரலை யாரோ அதட்டினார்கள். கங்காணிக்கு முகம் சுண்டிவிட்டது. "பாக்கமாட்டேன்னு சொல்லுதவளுக்குத் தெரியும், மேல ஒண்ணும் இல்லன்னு. அதாம் பாக்கப் பயப்படுதா. இவளவிட அவிசுவாசி ஊருக்குள்ள கெடையாது" என்றார். கயிற்றுக்கு வெளியே அவளைத் தள்ளினார்கள். எந்த நிழலுக்கு அவள் முதலில் வா சொன்னாளோ அதன் வெளியே, வெயிலில், தூக்குவாளியோடு செல்லக்கனி நின்றாள். அவளோடு உட்கார்ந்தவள் என்பதால் முத்துப்பேச்சிக்கும் இடமில்லை.

"கண்ணு வலிக்குதாளா?" என்று கேட்டாள் செல்லக்கனி.

முத்துப்பேச்சி துண்டை அவிழ்த்துத் தோளில் போட்டாள். "அண்ணாச்சி, நான் பாக்கேன்."

"நீயா? ஒனக்கும் அவருக்கும் டூல்லா?" என்று யாரோ சொல்ல, சிரிப்பு எழுந்தது.

"ஆமா, டூதான். அதனால என் சாட்சிக்குத்தான் வெல. வேண்டியவன் வேண்டியவனுக்குச் சொல்லுத சாட்சிய எந்த ஊர்ல எடுப்பாவ? நான் பாத்துச் சொல்லுதேன். இருந்தா இருக்குன்னு சொல்லுவேன். சொன்னா இவள உள்ள விடணும், அவ பாக்காட்டாலும் விடணும். சரியா?"

கங்காணி யோசித்து, சரி என்றார்.

"வேண்டாம்ளா" என்று செல்லக்கனி அவள் சட்டையைப் பிடித்தாள். "ஒங் கண்ணுக்காகத்தாம்ளா இதெல்லாம். எனக்கு உள்ள போகவேண்டாம். வா, போவோம்."

"நீ சும்மா கெட. ஒன்ன அவிசுவாசின்னு சொல்லிட்டானே அவன்."

கயிற்றைத் தாண்டிப் போய், நடுவில் நின்று, காலை அகட்டி ஊன்றி, முத்துப்பேச்சி நிமிர்ந்தாள்.

மற்றவர்கள் போல அவள் உடனே குனியவில்லை. நிழலுக்குள் நின்றாலும் மேலே சூரியன் அப்படியேதான் இருந்தது, மறைக்க ஒன்றும் இல்லாமல், முழுசாக, வெள்ளையாக. அவள் பார்த்தாள். கண்ணிலிருந்து தண்ணீர் கன்னத்தில் இறங்கி கழுத்தில் ஓடியது, துடைக்கவில்லை, பார்த்தாள். கங்காணி "என்ன தெரியுது?" என்றார். "பொறுங்க, பாத்துக்கிட்டிருக்கேன்" என்றாள். சூசையம்மா பிள்ளையை இடுப்பில் மாற்றிக்கொண்டு, "ஏளா, எதையாச்சும் சொல்லிட்டுக் குனிளா, நாங்கள்லாம் அப்படித்தான" என்று பல்லைக் கடித்துக்கொண்டு கிசுகிசுத்தாள். "எதையாச்சும் சொல்லதுக்கா நிக்கேன்?" என்றாள் முத்துப்பேச்சி, முகத்தை இறக்காமல். செல்லக்கனி கயிற்றை இழுத்து அறுத்துக்கொண்டு உள்ளே ஓடி, தன் இரண்டு உள்ளங்கையாலும் அவள் கண்ணைப் பொத்தினாள். உப்புக் கை. முத்துப்பேச்சி அந்தக் கையை மெதுவாக எடுத்துவிட்டாள், கண் திறந்தே இருந்தது, ஆனால் செல்லக்கனியின் முகத்தைத் தாண்டி எங்கேயோ பார்த்தது.

"ஒண்ணும் இல்லளா" என்றாள். "ரொம்ப நேரம் பாத்தேன். வெள்ளையாத்தான் இருந்தது. இப்பமும் வெள்ளையாத்தான் இருக்கு."

அந்த வெள்ளை அதன் பிறகு அவள் கண்ணை விட்டுப் போகவில்லை.

அவள் மட்டும் இல்லை. நிஜமாகவே பார்க்க ஆசைப்பட்டவர்கள் இன்னும் சிலர் இருந்தார்கள். பிள்ளை இல்லாத ஒருத்தி, கடலுக்குப் போன மகன் திரும்பாத ஒரு தகப்பன், சும்மா ஒரு தரம் பார்த்துவிட வேண்டும் என்று சின்ன வயதிலிருந்தே ஏங்கின ஒரு நோஞ்சான் பெண். அவர்களெல்லாம் சாட்சி சொல்லாமலே நின்று நின்று பார்த்தார்கள், ஒவ்வொருவராகப் பார்வையை அங்கே விட்டுவிட்டு வீட்டுக்குப் போனார்கள். பொய் சொன்னவர்களுக்குக் கண் பிழைத்தது. இதில் என்ன நியாயம் இருக்கிறது என்று கேட்டால், ஒரு நியாயமும் இல்லை, அப்படித்தான் நடந்தது. டவுனிலிருந்து வேன் பிடித்து வந்த கண் டாக்டர்கள், "சூரியனை ஏன் பார்த்தீங்க?" என்று கேட்டார்கள். "சாட்சிக்கு" என்றார்கள். டாக்டர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு, சொட்டு மருந்து கொடுத்துவிட்டுப் போனார்கள்.

அளத்து முதலாளி காரில் வந்தார். உப்பு இறங்காத பாத்தியைப் பற்றி முதலில் கோபப்பட்டார், பிறகு கூட்டத்தைப் பார்த்துவிட்டுக் கையெடுத்துக் கும்பிட்டார், பிறகு இவ்வளவு பெரிய சாமி இப்படிக் கூரை இல்லாமல் இருக்கலாமா என்று கேட்டார். தகரம் அவருடைய உபயம். நாலு இரும்புத் தூண் நட்டு, நிழலின் அளவுக்கு அளவாகத் தகரக் கூரை போட்டு, முகப்பில் அவர் பெயரைப் பெரிதாக எழுதினார்கள். அன்றோடு எல்லாச் சண்டையும் தீர்ந்தது. இனி எவன் வந்து மேலே என்ன இருக்கிறது என்று கேட்டாலும் காட்டுவதற்குத் தகரம் இருந்தது. தகரத்துக்குக் கீழே நிழலும் இருந்தது, காலையில் மேற்கே சாய்ந்து, மாலையில் கிழக்கே நகர்ந்து, எல்லா நிழலையும்போல. உள்ளே அடுப்பில் ஏற்றிய மாதிரி கொதித்தது. பழைய நிழல் அதற்குள்ளேதான் இருக்கிறதா, தகரம் ஏறின அன்றைக்கே எழுந்து போய்விட்டதா என்று இப்போது யாராலும் கண்டுபிடிக்க முடியாது. கேட்டாலும் கங்காணி, "நிழலுதான, இருக்குல்லா, உக்காருங்க" என்பார். யாரும் உட்காருவதில்லை. வெந்துபோகும்.

கண் போனவர்கள் வேலைக்கு வந்தார்கள். வராமல் என்ன செய்வார்கள்? உப்பு வாரக் கண் எதற்கு, கையும் காலும் போதும் என்று கங்காணிதான் முதலில் கண்டுபிடித்தார். நிழலைச் சுற்றிக் கட்டியிருந்த அதே கயிற்றை வரப்போரமாக நீளக் கட்டிவிட்டார்கள், அதைப் பிடித்துக்கொண்டு அவர்கள் வரிசையாகப் பாத்திக்குப் போனார்கள், வந்தார்கள். கண் கூசுகிறது என்று அவர்கள் யாரும் முறையிடவில்லை என்பதை முதலாளியும் கவனித்திருந்தார்.

முத்துப்பேச்சி பழையபடி செல்லக்கனியின் ஜோடி. இவள் இழுக்க அவள் அள்ளினாள். பாட்டுப் பாடினாள், கெட்ட வார்த்தை பேசினாள், "எனக்கு இனிமே துண்டு கட்டுத செலவு மிச்சம்" என்று மற்றவர்களைச் சிரிக்க வைத்தாள். பேச்சற்றுப் போனவள் செல்லக்கனிதான். காலையில் முதல் பிடி உப்பை எடுப்பாள், கையிலேயே வைத்துக்கொண்டு நிற்பாள், உள்ளங்கை எரியும்வரை நிற்பாள், பிறகு ஒன்றும் சொல்லாமல் குவியலிலேயே போட்டுவிடுவாள். கண்ணுக்கு ஒரு வழி பண்ணும் என்று கேட்டாளே, அந்த வழியிலேயே அல்லவா கண் போனது. நான் கேட்காமல் இருந்திருந்தால் என்று நினைப்பாள். டூ என்று சுண்டுவிரலைக் காட்டக்கூட அவளுக்கு எதிரில் ஆள் இருப்பதாகத் தோன்றவில்லை.

சித்திரை முற்றின ஒரு மத்தியானம், இருவரும் தகரக் கொட்டகையைத் தாண்டி, தூரத்து வரப்பில், வெட்டவெளியில் கஞ்சி குடிக்க உட்கார்ந்தார்கள். செல்லக்கனி தூக்குவாளியைத் திறந்து அவள் கையில் வைத்தாள். முத்துப்பேச்சி வாயருகே கொண்டுபோன வாளியை அப்படியே நிறுத்தினாள்.

"ஏளா."

"என்ன?"

"வந்துருக்காரு."

செல்லக்கனி குனிந்து பார்த்தாள். வரப்பில் அவளுடைய நிழல் குட்டையாக, கறுப்பாக, காலுக்கடியில் கிடந்தது. பக்கத்தில், வலது தோள் இறங்கி இடது தோள் ஏறிய முத்துப்பேச்சியின் நிழல். பெரிய நிழலுக்குள் இருந்தால் இரண்டுமே தெரியாமல் அல்லவா இருந்திருக்கும். புறங்கையில் வெயில் சுள்ளென்று அடித்தது. பாத்திகள் வெள்ளையாகக் கொதித்துக்கொண்டிருந்தன.

இல்லை என்று சொல்ல அவளுக்குக் கண் இருந்தது, தோல் இருந்தது, எதிரில் இத்தனை வெயில் சாட்சியாக இருந்தது. வாயைத் திறந்தாள்.

"குளுந்து கெடக்குளா" என்றாள் முத்துப்பேச்சி. அவளுடைய கையில், முழங்கைவரை, மயிர் சிலிர்த்து நின்றது. "நான் ஒண்ணும் பேசல, கேட்டியா? டூ டூதான். வந்தவர எந்திரிச்சுப் போகச் சொல்ல முடியுமா? இருந்துட்டுப் போட்டும்." பிறகு தலையைச் சாய்த்துக் கேட்டு, பக்கத்தில் செல்லக்கனியின் மூச்சு கேட்கும் தூரத்தை அளந்து, முகம் சுளித்தாள். "நீ ஏன்ளா அங்கன உக்காந்திருக்க? ஒனக்கு வெயிலடிக்குமே."

செல்லக்கனி வெயிலிலேயே உட்கார்ந்திருந்தாள்.

முத்துப்பேச்சி வாளியைக் கீழே வைத்தாள். சேலையைச் சுருட்டி ஒதுக்கி, வரப்பில் நகர்ந்து, தன் பக்கத்தில் உள்ளங்கையால் தட்டி ஒரு ஆளுக்கு இடம் போட்டாள்.

"சரி. என் நிழல்ல உக்காருதியா?"

செல்லக்கனி எழுந்தாள். பக்கத்துப் பாத்தியில் குனிந்து ஒரு பிடி உப்பை அள்ளினாள், திரும்பப் பாத்தியிலேயே அதைப் போட்டாள், "ஒமக்கு" என்று மட்டும் சொல்லவில்லை. பிறகு வந்து, தட்டிக் காட்டிய இடத்தில், தோளோடு தோள் ஒட்டி உட்கார்ந்தாள்.

வெயில் அப்படியேதான் இருந்தது. அவள் நிமிர்ந்து பார்க்கவில்லை.